தோண்டுவதா, விட்டுவைப்பதா: பல கட்டமாக வரும் முடிவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் மாவட்டத்து வாழப்பாடி, ஆத்தூர், ஏத்தாப்பூர்ப் பக்கத்து விவசாயிகளும் ஏற்காட்டுத் தோட்டக்காரர்களும் முடிவெடுக்கும் கணக்கு பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் அவர்கள் கேட்ட வாக்கிலேயே இருக்கின்றன. ரூபாய், சதவீதம் எல்லாம் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. முறையை எடுத்துக்கொண்டு, உங்கள் காட்டுக்கு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

1. மரவள்ளி போடறதா, மக்காச்சோளம் போடறதா? இதுக்கு எதுக்குங்க இவ்வளவு கணக்கு?

ஒரே முடிவு, ஒரே நோக்கம், பலனும் முன்பே தெரியும் என்றால் கணக்கே வேண்டாம். இங்கே மூன்று சிக்கல் ஒன்றாக வருகின்றன. மரவள்ளி போட்ட பிறகு ஒன்பதாம் மாதம் ‘தோண்டுவதா, இன்னும் விடுவதா’ என்று இன்னொரு முடிவு காத்திருக்கிறது. பணம் மட்டுமல்ல, கிணற்றுத் தண்ணீரும் ஆள் கூலியும் சேர்ந்து இழுக்கின்றன. விலையும் மழையும் நம் கையில் இல்லை.

மூன்றில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் அனுபவமே போதும். மூன்றும் சேரும்போது மனம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. பெரும்பாலும் விட்டுப்போவது அந்த இரண்டாவது முடிவுதான்.

2. ‘கட்டம்’னா என்ன? மாசத்துக்கு ஒண்ணா?

மாதக் கணக்கு இல்லை. புதிதாக ஏதாவது தெரிய வந்து, அதைப் பார்த்து நீங்கள் வேறு வழி எடுக்க முடிகிற இடம்தான் கட்டம். தெரிய வந்தும் ஒன்றும் செய்ய முடியாவிட்டால் அது கட்டம் இல்லை. செய்ய முடிந்தும் புதிதாக எதுவும் தெரியாவிட்டால் அந்த முடிவை முந்தைய கட்டத்தோடு சேர்த்துவிடலாம்.

கட்டம் எங்கே விழும் என்பது பயிரைப் பொறுத்தது. மரவள்ளிக் கிழங்கைத் தோண்டிவிட்டால் இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பிக்கும், ஆனால் தோண்டாமல் மண்ணிலேயே சில வாரம் விட்டுவைக்கலாம். அதனால் காத்திருக்கும் கட்டம் தோண்டுவதற்கு முன்னால். மஞ்சள் நேர்மாறு: வேகவைத்துக் காயவைத்தபின் இருப்பு வைக்கலாம், ஆகவே காத்திருப்பு அறுவடைக்குப் பின்னால். கழுவிப் பதப்படுத்தும் காபியில் பழத்தைப் பறித்த அன்றே தோலுரிக்க வேண்டும், உலர்ந்த பிறகு அவசரம் குறையும்.

3. கணக்கை எங்கே இருந்து தொடங்குறது?

கடைசிக் கட்டத்திலிருந்து. ஒரு தாளில் இடமிருந்து வலமாகக் கிளை வரையுங்கள் (இதற்கு முடிவு மரம் என்று பெயர்). நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்துக்குச் சதுரம், தானாக நடக்கும் இடத்துக்கு வட்டம். வரைந்த பிறகு வலமிருந்து இடமாகக் கணக்குப் போடுங்கள்: வட்டத்தில் சராசரி, சதுரத்தில் நல்லதைத் தேர்வு. அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன் 1950-களில் வகுத்த டைனமிக் புரோகிராமிங்கின் அடிப்படை இதுதான்.

நம் உதாரணம், ஏக்கருக்குச் செலவு போக மிச்சம்: மரவள்ளி போட்டால் ஒன்பதாம் மாதம் விலை நன்றாக இருக்க 40 சதவீத வாய்ப்பு, தோண்டினால் ரூ. 80,000. மந்தமாக இருக்க 60 சதவீதம், அன்றே தோண்டினால் ரூ. 20,000. மந்தத்தில் இரண்டு மாதம் விட்டுவைத்தால் பாதி வாய்ப்பில் விலை மீண்டு ரூ. 60,000, மீதிப் பாதியில் விலையும் ஏறாமல், மழையில் பாயிண்ட்டும் (ஆலை விலை வைக்கப் பார்க்கும் மாவுச்சத்து அளவு) இறங்கி ரூ. 5,000. காத்திருப்பின் சராசரி 32,500. இது 20,000-ஐவிட மேல், ஆகவே மந்தமானால் விட்டுவைப்பதே அந்தச் சதுரத்தின் பதில். இப்போது முன்னால் வாருங்கள்: 80,000-ல் 40 சதவீதம் 32,000, 32,500-ல் 60 சதவீதம் 19,500, மொத்தம் ரூ. 51,500.

‘எப்படியும் ஒன்பதாம் மாதம் தோண்டிவிடுவேன்’ என்பவருக்குக் கிடைப்பது 44,000. வித்தியாசமான 7,500, மண்ணில் விட்டுவைக்க முடிகிற வசதியின் மதிப்பு. நடவு நாளில் இதைக் கணக்கில் எடுக்காமல் மரவள்ளியை மற்ற பயிரோடு ஒப்பிட்டால், மரவள்ளியை வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்டதாகும்.

4. மக்காச்சோளம் 110 நாள்ல முடிஞ்சிடுது. அதை எப்படி 9 மாசப் பயிரோட ஒப்பிடுறது?

ஒப்பிடக் கூடாது. அதிகம் நடக்கும் தவறு இது. நிலம் அடைபட்டிருக்கும் காலம் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஆகவே ‘மக்காச்சோளம், அதன் பிறகு மானாவாரிப் பயறு’ என்று முழு வழியாக எழுதுங்கள். நம் உதாரணத்தில் அந்த வழிக்கு 60 சதவீத வாய்ப்பில் 40,000, 40 சதவீதத்தில் 20,000, சராசரி 32,000.

5. பணம்தானே எல்லாம்? தண்ணிக்கு எதுக்குத் தனி அளவுகோல்?

விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் தண்ணீர் செலவுக் கணக்கிலேயே வராது. மோட்டார் ஓடினால் செலவு பூஜ்யம், கிணறு வற்றினால்தான் தெரியும். பணக் கணக்கு பார்க்கத் தவறுவது எதுவோ அதைத் தனி அளவுகோலாக வைக்க வேண்டும்.

அதே சமயம் ஒன்றை இரண்டு தடவை எண்ணிவிடாதீர்கள். கூலியைச் செலவில் கழித்துவிட்டு ‘ஆள் தேவை’ என்று இன்னொரு அளவுகோல் வைத்தால் கூலி இரட்டிப்பாகிறது. ஆள் கிடைக்காமல் பறிப்பு தள்ளிப்போகும் ஆபத்தைத்தான் சொல்கிறீர்கள் என்றால், அதை வட்டத்தில் ஒரு கிளையாகக் காட்டுங்கள். நான்கைந்து அளவுகோலுக்கு மேல் போனால், ஒன்றின் நிழல் இன்னொன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

6. சரி, தண்ணியையும் ரூபாயையும் எப்படிங்க கூட்டுறது?

முதலில் கூட்டாதீர்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மரவள்ளிக்கு ஒன்பது மாதத்தில் 16 முறை தண்ணீர், விட்டுவைத்தால் இன்னும் 2 முறை, மக்காச்சோளம்–பயறுக்கு 9 முறை என்று கொள்வோம்.

காத்திருப்புத் திட்டம் (மந்தமானால் விடுவது): ரூ. 51,500, தண்ணீர் 17.2 முறை.
உடனடித் திட்டம் (எப்படியும் தோண்டுவது): ரூ. 44,000, 16 முறை.
மக்காச்சோளம்–பயறு: ரூ. 32,000, 9 முறை.

இரண்டிலும் இன்னொன்றைவிட மோசமான திட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அதை இங்கேயே அடித்துவிடலாம். இப்போது ஒரு முறைத் தண்ணீருக்கு என்ன விலை என்று கேளுங்கள். காத்திருப்பு, மக்காச்சோளத்தைவிட 19,500 கூடுதலாகத் தந்து 8.2 முறை கூடுதலாகக் குடிக்கிறது: ஒரு முறைக்கு சுமார் ரூ. 2,378. உங்களுக்கு ஒரு முறைத் தண்ணீர் அதைவிட மலிவு என்றால் மரவள்ளி, அதைவிட விலை என்றால் மக்காச்சோளம். அந்தத் தண்ணீரைத் தென்னங்கன்றுக்கோ தீவனப் புல்லுக்கோ விட்டால் என்ன மிஞ்சும் என்பதே அதன் விலை. அதை ரூபாய் சுத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2,378-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்தால் போதும்.

7. பணத்துக்கு 10-க்கு 7, தண்ணிக்கு 10-க்கு 3-ன்னு மார்க் போட்டா முடிஞ்சுதே?

எந்த இடைவெளிக்கு 7, எந்த இடைவெளிக்கு 3 என்று சொல்லாத மார்க்குக்கு அர்த்தமில்லை. 16 முறைக்கும் 17.2 முறைக்கும் நடுவில் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீருக்கு மிக அதிக விலை வைத்தாலொழிய அது முடிவை மாற்றாது. 9-க்கும் 17-க்கும் நடுவில் என்றால் மாற்றும். ஆகவே எடை போடும்போது கேட்க வேண்டியது: ‘எல்லாமே மோசமான நிலையில் இருக்கிறது, ஒன்றே ஒன்றை மட்டும் நல்ல நிலைக்குத் தூக்கலாம் என்றால் எதைத் தூக்குவீர்கள்?’ அதற்கு 100 கொடுத்து, அடுத்ததை அதோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

தாமஸ் சாட்டி 1970-களில் கொண்டுவந்த ஏ.எச்.பி. (Analytic Hierarchy Process) என்ற எடை போடும் முறையில் 1 முதல் 9 வரை ஜோடி ஜோடியாக ஒப்பிடுவார்கள். பதில்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்று பார்க்கவும் அதில் வழி உண்டு: முரண் விகிதம் 0.1-க்கு மேல் போனால் திரும்பக் கேட்க வேண்டும். அது நல்ல பழக்கம். ஆனால் மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 1 வரும்படி பங்கு போடுவதால், ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் போன்ற இன்னொரு பயிரைப் பட்டியலில் சேர்த்தாலே முதலிடம் மாறிவிடக்கூடும். ஆய்வாளர்கள் வேலரி பெல்டனும் டோனி கியரும் 1983-ல் இதைக் காட்டினார்கள். ரூபாய், தண்ணீர் முறை என்று நேரடி அலகு கையில் இருக்கும்போது கேள்வி 6-ன் வழியே தெளிவு.

8. 40 சதவீதம், 60 சதவீதம்னு எனக்கு எப்படிங்க தெரியும்?

சதவீதமாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘உங்களுக்கு நினைவிருக்கும் கடைசிப் பத்து வருசத்தில், தை மாசம் விலை மந்தமாக இருந்தது எத்தனை? அதில் பங்குனிக்குள் மீண்டது எத்தனை?’ என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். நினைவு மட்டும் போதாது, நல்ல விலை விற்ற வருசம்தான் மனதில் நிற்கும். விற்ற ரசீதுகளைப் பாருங்கள். கிழங்கு விலை ஜவ்வரிசி, ஸ்டார்ச் விலையின் பின்னால் போவதால், சேலத்தில் இயங்கும் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வின் ஏல விலைப் போக்கையும் சேர்த்துப் பார்க்கலாம்.

பிறகு, சரியான எண்ணைத் தேடுவதை விட்டு முடிவு மாறும் எண்ணைத் தேடுங்கள். கேள்வி 3-ன் காத்திருப்பு, மீளும் வாய்ப்பு 27 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே லாபம் (15,000-ஐ 55,000-ஆல் வகுத்தால் வருவது). ஒரு முறைத் தண்ணீருக்கு ரூ. 1,000 போட்டால் அது 31 சதவீதம். ‘40-ஓ 60-ஓ இருக்கும்’ என்கிறவருக்கு விவாதமே தேவையில்லை. ‘20-லிருந்து 40-க்குள்’ என்கிறவர்தான் இன்னும் விசாரிக்க வேண்டும்.

9. இதுக்கு கம்ப்யூட்டர் வேணுமா?

இரண்டு மூன்று கட்டம் வரை நோட்டுப் புத்தகம் போதும். எக்செல்லில் போட்டால் ஒரு எண்ணை மாற்றி முடிவு மாறுகிறதா என்று உடனே பார்க்கலாம், லாபம் அவ்வளவுதான்.

10. சராசரி நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 5,000 வந்துட்டா சங்கத்துக் கடன் தவணை கட்ட முடியாதே?

சராசரி பல வருசத்துக்குத்தான் பொருந்தும். ஒரு வருசமே ஆளைச் சாய்த்துவிடும் என்றால் சராசரியை மட்டும் பார்ப்பது தவறு. தவணைக்கு ஏக்கருக்கு ரூ. 15,000 கட்டாயம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை எடை போடாதீர்கள், வேலியாகப் போடுங்கள்: தாண்டும் திட்டம் பட்டியலில் இல்லை. காத்திருப்புத் திட்டம் 30 சதவீத வாய்ப்பில் (60-ல் பாதி) 5,000-க்கு விழுகிறது. அது வெளியே. உடனடித் திட்டமும் மக்காச்சோளமும் 20,000-க்குக் கீழே போகவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கேள்வி 6-ல் தண்ணீருக்கு எந்த விலை போட்டாலும் உடனடித் திட்டம் முதலிடத்துக்கு வராது. அதற்கு ஒரு முறைத் தண்ணீர் 6,250-க்கு மேலும் 1,714-க்குக் கீழும் ஒரே சமயத்தில் இருக்க வேண்டும். ‘எந்த எடையிலும் ஜெயிக்காதது’ என்று அதை முதலிலேயே அடித்திருந்தால், தவணை என்ற வேலி வந்ததும் கையில் ஒரு நல்ல வழி இல்லாமல் போயிருக்கும். அதனால்தான் எல்லா அளவுகோலிலும் தோற்றதை மட்டுமே முதலில் அடிக்க வேண்டும்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு: மந்தமானால் மூன்றில் இரண்டு பங்கைத் தோண்டி, ஒரு பங்கை விட்டுவைப்பது. அதில் மிக மோசமான நிலை சரியாக 15,000, முழுச் சராசரி 46,500, தண்ணீர் 16.4 முறை. தவணையும் தப்பும், காத்திருப்பின் பலனில் ஒரு பங்கும் கிடைக்கும். மூன்றில் ஒன்றுக்கு மேல் விட்டால் தவணை உடைகிறது. ‘பாதி பாதி’ என்று வாய்க்கு வந்தபடி பிரிப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்: பாதி விட்டால் மோசமான நிலை 12,500.

11. நடும்போது ஒத்துக்கிட்ட ரிஸ்க்கை ஒன்பதாம் மாசம் பயந்து மாத்திடறேன். நான் கோழையா?

இல்லை. விதி எழுதிய விதத்தில் கோளாறு. ‘100-க்கு 40-க்கு மேல் தவணை தவறும் வாய்ப்பு இருக்கக் கூடாது’ என்று நடவு நாளில் முடிவு செய்தால், காத்திருப்பின் 30 சதவீதம் உள்ளே அடங்கும். ஒன்பதாம் மாதம் விலை மந்தம் என்று தெரிந்த பிறகு அதே ஆபத்து 50 சதவீதம். அதே விதி இப்போது ‘விடாதே’ என்கிறது. சராசரியை மட்டும் பார்க்கும் கணக்கில் இந்த முரண் வராது. வாய்ப்புக்கு வரம்பு வைக்கும் விதிகளில் வரும்.

தீர்வு இரண்டு. வரம்பை நடவு நாளில் மட்டும் வைக்காமல் ஒவ்வொரு சதுரத்திலும் வைப்பது ஒன்று. நடவு நாளிலேயே எழுதிவைத்து, எது வந்தாலும் மாற்றுவதில்லை என்று நிற்பது இன்னொன்று. கடன் உள்ளவர்கள் முதலாவதைத்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒன்பதாம் மாதம் நீங்கள் எப்படியும் தோண்டிவிடுவீர்கள் என்றால் உங்கள் மரவள்ளியின் மதிப்பு 51,500 இல்லை, 44,000. அந்த எண்ணை வைத்தே மக்காச்சோளத்தோடு ஒப்பிடுங்கள்.

12. விலை முன்னாடியே தெரிஞ்சா நல்லது. அதுக்காக எவ்வளவு செலவு பண்ணலாம்?

ஒரு தகவல் உங்கள் முடிவை மாற்றினால்தான் அதற்கு மதிப்பு. ஒன்பதாம் மாதம் மந்தத்தில் நிற்கிறீர்கள். விலை மீளுமா என்று நிச்சயமாகத் தெரிந்தால், மீண்டால் விட்டு 60,000, மீளாவிட்டால் அன்றே தோண்டி 20,000, சராசரி 40,000. தெரியாமலே 32,500. ஆகவே முழு உண்மையைச் சொல்லும் தகவலுக்கே ஏக்கருக்கு ரூ. 7,500-தான் உச்சம். ஊகத்துக்கு அதைவிடக் குறைவு.

நடவு நாளில் ஒன்பதாம் மாத விலை தெரிந்தால்? பணம் மட்டும் பார்த்தால் மதிப்பு பூஜ்யம்: மந்தம் என்று தெரிந்தாலும் மரவள்ளியின் 32,500 மக்காச்சோளத்தின் 32,000-ஐவிட மேல், முடிவு மாறவில்லை. தண்ணீருக்கு ஒரு முறைக்கு 1,000 போட்டுப் பாருங்கள். மந்தமான வருசத்தில் மரவள்ளி 14,500, மக்காச்சோளம் 23,000, முடிவு மாறுகிறது. அதே தகவலின் மதிப்பு ரூ. 5,100 ஆகிவிடுகிறது (39,400-லிருந்து 34,300-ஐக் கழித்தது). தகவலின் விலையை, எதையெல்லாம் அளவுகோலாக வைத்தீர்கள் என்பதே தீர்மானிக்கிறது.

13. புது நோய், புதுப் பூச்சி வந்தா பழைய வருசக் கணக்கே உதவாதே?

சரிதான். மரவள்ளியில் மாவுப்பூச்சி புதிதாகப் பரவியபோது எந்தப் பழைய ரசீதும் வழி சொல்லியிருக்காது. வாய்ப்பு அளவு வைக்கவே முடியாத இடத்தில், ‘பிறகு எவ்வளவு வருத்தப்படுவேன்’ என்று எண்ணலாம். ஒவ்வொரு நிலைமையிலும் சிறந்த திட்டத்திலிருந்து நீங்கள் எவ்வளவு பின்தங்குகிறீர்கள் என்று எழுதி, ஒவ்வொரு திட்டத்தின் மிகப் பெரிய பின்தங்கலை ஒப்பிடுங்கள். மக்காச்சோளத்துக்குச் சராசரியான 32,000-ஐயே வைத்தால், மிகப் பெரிய பின்தங்கல் காத்திருப்புக்கு 27,000, உடனடிக்கு 40,000, மக்காச்சோளத்துக்கு 48,000. இந்த விதி காத்திருப்பைக் காட்டுகிறது. மிக மோசமான நிலையை மட்டும் பார்ப்பவருக்கு மக்காச்சோளம். இரண்டு விதியும் சண்டை போடும்போது, கேள்வி 10-ன் வேலி உங்களுக்கு உண்டா என்பதே தீர்ப்பு.

14. ஏற்காட்டுல காபித் தோட்டத்துக்குப் பத்து வருசம் பார்க்கணும். முடிவு மரம் தாள்லயே அடங்கலையே?

அடங்காது. வருசத்துக்கு மூன்று வழி, மூன்று பலன் என்றால் கிளை 9. ஐந்து வருசத்தில் 59,049. ஆனால் எந்தக் கிளை வழியாக வந்தீர்கள் என்பது முக்கியமில்லை, வந்து நிற்கும் நிலைமைதான் முக்கியம். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் தாக்கம் (குறைவு, நடுத்தரம், அதிகம்), செடியின் வயது (மூன்று பிரிவு), கையிருப்புப் பணம் (மூன்று பிரிவு): மொத்தம் 27 நிலை. ஐந்து வருசத்துக்கு அட்டவணையில் 135 பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் சிறந்த வழியைக் கடைசி வருசத்திலிருந்து நிரப்பிக்கொண்டு வரலாம்.

கையிருப்பை நிலைமையில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. பலன்களை நேராகக் கூட்டும் கணக்கில் பழையதை நினைவு வைக்க வேண்டாம். ‘கையில் இவ்வளவாவது இருக்க வேண்டும்’ என்ற வேலி வந்துவிட்டால், இதுவரை சேர்ந்ததையும் கூடவே சுமந்து வர வேண்டும். இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் விடை நேர்த்தியாக இருக்கும், தவறாகவும் இருக்கும்.

பத்து வருசத்தையும் இன்றே முடிவு செய்யாதீர்கள். இந்த வருச வேலையை மட்டும் முடிவாக எடுத்து, பறிப்பு முடிந்து பூ மழை வரும் மாசி, பங்குனியில் நிலைமையைப் புதிதாகப் பார்த்து அட்டவணையைத் திரும்பப் போடுங்கள். துளைப்பான் வண்டு ஏப்ரல்–மேயிலும் அக்டோபர்–டிசம்பரிலும் வெளியே பறக்கும். தாக்கிய செடியை அதற்கு முன்பே கண்டுபிடித்து அகற்ற வேண்டியிருப்பதால், மார்ச்சும் செப்டம்பரும் இயல்பாகவே உங்கள் கட்டங்கள்.

15. நிழல் மரத்தை வெட்டி வித்தா இப்பவே பணம். சராசரியும் ஏறக்குறைய சமமா வருது. எதை எடுக்கலாம்?

சமமாக வந்தால், திரும்பப் பெற முடியாததைத் தள்ளிப்போடுங்கள். வெட்டாத சில்வர் ஓக்கை அடுத்த வருசமும் வெட்டலாம், வெட்டியதை நிறுத்திவைக்க முடியாது. அதில் ஏறியிருக்கும் மிளகும் கூடவே போகும். வெயில் விழும் அராபிகாவைத் துளைப்பான் அதிகம் தேடி வரும். புதுச் செடி வைத்தால் பலனுக்கு மூன்று நான்கு வருசம். கேள்வி 3-ல் காத்திருக்கும் வசதிக்கு 7,500 மதிப்பு வந்தது போல, இங்கும் ‘இன்று வெட்டு’ என்பதை ‘என்றுமே வெட்டாதே’ என்பதோடு ஒப்பிடாமல், ‘ஒரு வருசம் பார்த்துவிட்டு முடிவு செய்’ என்பதோடு ஒப்பிடுங்கள். மூன்றாவது கிளையை வரைந்த உடனே பல நேரம் பதில் மாறுகிறது.

16. அண்ணன் ஒண்ணு சொல்றாரு, நான் ஒண்ணு சொல்றேன். ரெண்டு பேர் எடையையும் சராசரி எடுத்துக்கலாமா?

முதலில் அந்த வேறுபாடு முடிவை மாற்றுகிறதா என்று பாருங்கள். அண்ணன் ஒரு முறைத் தண்ணீர் 500 என்கிறார், தம்பி 2,000 என்கிறார். கேள்வி 6-ன் 2,378-க்கு இரண்டுமே கீழே, இருவரும் ஒரே திட்டத்தைத்தான் சொல்கிறார்கள். தவணை வேலியோடு கேள்வி 10-ன் மூன்றில் ஒரு பங்குத் திட்டத்தை எடுத்தால் மாறும் எண் சுமார் 1,960. அப்போது இருவரும் இரண்டு பக்கம்.

அந்த நேரத்தில் சராசரி எடுப்பது யாருக்கும் சொந்தமில்லாத ஒரு எண்ணைத் தரும். மிச்சமாகும் ஏழு முறைத் தண்ணீர் எந்த மாதத்தில், எந்தப் பயிருக்குப் போகும் என்று தம்பி காட்டட்டும். பங்குனியில் தென்னங்கன்றைக் காப்பாற்றும் தண்ணீர் என்றால் அவர் எண் நிற்கும். ஐப்பசி மழையில் கிணறு எப்படியும் நிறையும்போது மிஞ்சும் தண்ணீர் என்றால் நிற்காது.

17. எல்லாம் கணக்குப் போட்டும் விலை விழுந்துடுச்சு. அப்போ கணக்கு தப்புதானே?

30 சதவீதம் என்று எழுதியது நடந்தால் கணக்கு தப்பு என்று ஆகாது. அதே 30 சதவீதம் நான்கு வருசம் தொடர்ந்து நடந்தால் வாய்ப்பு அளவைத் திருத்துங்கள். மரத்தில் வரையாத ஒன்று நடந்தால், அதாவது ஆலை கிழங்கு வாங்குவதையே நிறுத்தியது, லாரி கிடைக்கவில்லை என்றால், எண்ணைத் திருத்தாமல் ஒரு கிளையைச் சேருங்கள்.

இதைப் பிரித்துப் பார்க்க முடிவெடுத்த அன்றே எழுதிவைத்த தாள் வேண்டும்: போட்ட சதவீதம், தண்ணீருக்கு வைத்த விலை, வேலி, ஒவ்வொரு சதுரத்துக்கும் எழுதிய விதி. விதியை ‘விலை பார்த்துச் செய்வோம்’ என்று எழுதாமல், ‘தை 15-ல் பாயிண்ட் விலை இத்தனைக்குக் கீழே என்றால் மூன்றில் ஒரு பங்கை விட்டு மீதியைத் தோண்டு’ என்று தேதியும் எண்ணும் வரும்படி எழுதுங்கள். அந்தத் தாளை விற்பனை ரசீதோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். அடுத்த நடவில் கேள்வி 8-க்கு அங்கிருந்தே எண் கிடைக்கும்.